ஒரே படகில் இரண்டு ஃபிஷ் ஃபைண்டர்: நான் செய்த தவறுகளும் இன்றும் காணும் தவறுகளும்

காவேரிப்பாக்கம் ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்த ஒரு காலைப்பொழுதில், ஃபைபர் படகு ஒன்றில் இரண்டு இளைஞர்கள் திரையைப் பார்த்து வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு தரையையும் மீனையும் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் கருவி படகின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் இன்னொன்று. திரை முழுவதும் சாய்வாக ஓடிய புள்ளிக் கோடுகளை ஒருவர் கெளுத்திக் கூட்டம் என்றார். மற்றவர் கருவி கெட்டுவிட்டது என்றார். இரண்டும் இல்லை. ஒரு கருவி அனுப்பிய ஒலியை மற்றக் கருவி தன்னுடையதென்று எண்ணி வாங்கிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் இதே ஏரியில் இதே புள்ளிகளைப் பார்த்து நான் இவர்களைவிட மோசமாக ஏமாந்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். ஒலியை அனுப்பி வாங்கும் உறுப்பான டிரான்ஸ்டியூசரைத் தண்ணீருக்கு மேலே மாட்டுவது போன்ற, முதல் நாளிலேயே தெரிந்துவிடும் பிழைகளை இங்கே சொல்லப்போவதில்லை.

நிறுத்தாமலேயே நிறுத்திவிட்டதாக நினைப்பது

என் பணத்தையும் பொறுமையையும் அதிகம் தின்ற தவறு இதுதான். வண்டல் அளவெடுப்பு வேலை ஒன்றுக்காக, படகின் முன்பக்கம் படகோட்டிக்கு ஒரு கருவியும், பின்பக்கம் குறிப்பெடுக்கும் எனக்கு ஒரு கருவியும் பொருத்தியிருந்தேன். இரண்டும் 200 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலி அனுப்புபவை. ஒலி தண்ணீரில் விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும் என்பதால், 4 மீட்டர் ஆழத்தைத் தொட்டுத் திரும்ப அதற்குச் சுமார் 5 மில்லி விநாடிதான் ஆகும். அந்த இடைவெளிக்குள் அடுத்த கருவியின் ஒலி வந்து நுழைந்தால், அதையும் தரையிலிருந்து வந்த எதிரொலியாகவே கருவி எடுத்துக்கொள்ளும். இரு கருவிகளும் விநாடிக்கு எத்தனை முறை ஒலி அனுப்புகின்றன என்பது சற்று மாறுபட்டிருந்தால் புள்ளிகள் சாய்ந்து நகரும். ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், தரைக்கு மேலே இன்னொரு தரை போல நேர்க்கோடு நிற்கும். நான் அந்தப் பொய்த் தரையை ஒரு முழு நாள் நோட்டில் எழுதிக்கொண்டே போனேன்.

சந்தேகம் வந்தபோது முன்னாலிருந்த கருவியைச் சோதிக்கவும் செய்தேன். படகோட்டியிடம், "அண்ணே, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். அவர் எதிரொலியைக் காட்டும் சோனார் பக்கத்திலிருந்து வரைபடப் பக்கத்துக்குத் திரையை மாற்றிவிட்டு, "நிறுத்திட்டேன் சார்" என்றார். புள்ளிகள் போகவில்லை. ஆகவே குற்றம் முன் கருவியுடையது அன்று என்று முடிவுகட்டி, பேட்டரி ஒயரை மாற்றினேன், மின் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினேன், கடைசியில் புது டிரான்ஸ்டியூசரே வாங்கினேன். புள்ளிகள் அப்படியே இருந்தன. மூன்றாம் நாள் பிற்பகல் முன் கருவியின் பேட்டரி தீர்ந்து திரை அணைந்தது. அந்த நொடியிலேயே என் திரை கழுவிவிட்டதுபோல் தெளிந்தது. பல கருவிகளில் வரைபடப் பக்கத்தைத் திறந்து வைத்தாலும் அடியில் டிரான்ஸ்டியூசர் ஒலி அனுப்பிக்கொண்டேதான் இருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆகையால் சோதனை என்றால், அமைப்புகளுக்குள் சென்று சோனார் ஒலிபரப்பை நிறுத்துங்கள். அல்லது மின் இணைப்பையே பிடுங்குங்கள். ஒரு நிமிடம் போதும். இன்றும் "புது டிரான்ஸ்டியூசர் வாங்கலாமா?" என்று கேட்டு அழைப்பவர்களிடம், "அடுத்த கருவியை எப்படி நிறுத்தினீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன், பதிலைக் கேட்டதும் எரிச்சல் வருவதை இன்னும் என்னால் அடக்க முடியவில்லை.

எண் வேறாக இருந்தால் போதும் என்பது

இரு கருவிகளின் அதிர்வெண்ணை ஒன்று 83 கிலோஹெர்ட்ஸ், மற்றது 200 என்றோ, ஒன்று 200, மற்றது 455 என்றோ வைத்தால் பெரும்பாலும் தொல்லை தீர்ந்துவிடும். சிர்ப் கருவிகளில்தான் கவனம் தேவை. அவை ஒரே எண்ணில் நிற்காமல் ஒரு வரம்பு முழுவதையும் வருடிச் செல்கின்றன. 130 முதல் 210 வரை வருடும் கருவிக்குப் பக்கத்தில் 200இல் இயங்கும் பழைய கருவியை வைத்தால், இரண்டும் மோதத்தான் செய்யும். பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை நம்பாமல், வரம்பின் இரு முனைகளையும் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் கருவிகளாக இருந்து நெட்வொர்க் வசதியும் இருந்தால், ஒரே டிரான்ஸ்டியூசரின் படத்தை இரு திரைகளிலும் காட்டலாம். எனக்குப் பிடித்த வழி அதுவே.

தள்ளி வைத்தால் தீரும் என்பது

சிறு படகில் தீராது. 60 பாகை விரியும் ஒலிக்கூம்பு, 10 மீட்டர் ஆழத்தில் 11 மீட்டருக்கு மேல் அகலமான வட்டமாகிவிடுகிறது. நம் படகின் மொத்த நீளமே அதில் பாதி இராது.

வடிகட்டியை உச்சத்தில் வைப்பது

கருவியின் இரைச்சல் வடிகட்டியை உச்சத்துக்கு ஏற்றினால், புள்ளிகளோடு சிறு மீன்களும் மறைந்துவிடும்.

எல்லாப் புள்ளிக்கும் அடுத்த கருவியையே குறை சொல்வது

மோட்டாரின் வேகத்தைக் கூட்டும்போது புள்ளிகளும் கூடினால், அது மின் இரைச்சல். அதற்கு ஒவ்வொரு கருவிக்கும் பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து, டிரான்ஸ்டியூசர் கேபிளை மோட்டார் ஒயரிலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும். நீளம் மிஞ்சுகிறதென்று அந்தக் கேபிளை வெட்டி ஒட்டாதீர்கள். உள்ளிருக்கும் காப்புப் பின்னல் அறுந்தால், இல்லாத இரைச்சலும் வந்து சேரும்.

பக்கத்துப் படகு

பரிசலில் வலை வீசுவோர் கருவி வைப்பதில்லை என்பதால், நம் ஏரிகளில் இந்தச் சந்தேகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் படகின் இரண்டாவது கருவியை முழுதாக அணைத்து, மோட்டாரையும் நிறுத்திய பின்னும் புள்ளிகள் ஓடினால் மட்டும், தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பாருங்கள்.