அடுக்குமாடிக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றுவது எப்படி?

செந்தூலிலோ ஜெலுத்தோங்கிலோ கட்டி இருபது ஆண்டுக்கு மேலான அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. லிஃப்ட் வாரத்துக்கு இரண்டு முறை நின்றுபோகிறது. வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் கொதிக்கிறார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆண்டுக்கூட்டம் என்றால் வருவது பதினெட்டுப் பேர். பன்னிரண்டு மணிவரை எல்லாரும் பேசுகிறார்கள். கடைசியில் "நிர்வாகக் குழு பார்த்துச் செய்யட்டும்" என்று சொல்லி, நாசி லெமாக் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கலைகிறார்கள். அடுத்த ஆண்டும் அதே லிஃப்ட், அதே பேச்சு.

பேசத் தெரியாததால் அப்படி நடப்பதில்லை. கைதூக்குவதற்கு எழுதப்பட்ட வாசகம் எதுவும் அங்கே இல்லை, அவ்வளவுதான். மண்டபத்தில் முடிவு எடுக்கப்படுவதில்லை, எண்ணப்படுகிறது. எடுக்கிற வேலையெல்லாம் அதற்கு முந்தைய நான்கு வாரத்தில் முடிந்திருக்க வேண்டும்.

எந்தச் சட்டம்

மலேசியாவின் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757. ஸ்ட்ராட்டா பட்டா (ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கிடைக்கும் உரிமைப் பத்திரம்) வருவதற்கு முன் கட்டடத்தை நடத்துவது ஜே.எம்.பி. என்ற கூட்டு நிர்வாக அமைப்பு, வந்தபின் எம்.சி. என்ற நிர்வாகக் கழகம். இரண்டின் கூட்ட விதிகளும் இந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. பத்துப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். பாதிச் சண்டை அதைப் பிரித்துக் காட்டினாலே அடங்கிவிடும். மேற்பார்வை செய்பவர் கட்டட ஆணையர், சி.ஓ.பி. கோலாலம்பூரில் அவர் மாநகர மன்றமான டி.பி.கே.எல்.-இன் கீழ் இருக்கிறார். பினாங்குத் தீவில் எம்.பி.பி.பி., செபராங் பிறையில் எம்.பி.எஸ்.பி.

பின்னோக்கி எண்ணுங்கள்

கூட்டம் 28ஆம் தேதி ஞாயிறு காலை 10 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பின்னால் வாருங்கள்.

சாதாரணத் தீர்மானம் என்றால் 14 நாள் முன்னறிவிப்பு, சிறப்புத் தீர்மானம் (கூடுதல் உள்விதி போன்றவற்றுக்கு வேண்டியது, நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவைப்படுவது) என்றால் 21 நாள். அஞ்சலில் போகும் நாட்களையும் சேர்த்து எண்ணி, சிறப்புத் தீர்மானம் இருந்தால் முந்தைய மாதக் கடைசியிலேயே கடிதத்தை அனுப்பிவிடுவது நல்லது. ஒருநாள் குறைந்தாலும், தோற்றவர் பிறகு அதையே பிடித்துக்கொள்வார்.

குழுவில் இல்லாத சாதாரண உரிமையாளரும் ஒரு தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லலாம். கூட்ட நேரத்துக்குக் குறைந்தது 7 நாள் முன்பாக அது எழுத்தில் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நம் கணக்கில் அந்த ஏழாம் நாள் 21ஆம் தேதி, ஞாயிறு. அலுவலகம் பூட்டிக் கிடக்கும். அதனால் 19ஆம் தேதி வெள்ளிக்கிழமையே கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன் என்பதெல்லாம் நிற்காது.

இந்த 7 நாள் வழியில் சிறப்புத் தீர்மானத்தைக் கொண்டுவர முடியாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அதற்கு 21 நாள் அறிவிப்பு வேண்டுமே! அப்படியென்றால் அறிவிப்பு போகுமுன்பே குழுவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். மசியவில்லையா? மொத்தப் பங்கு அலகில் (பரப்பளவு போன்றவற்றை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் கொடுக்கப்பட்ட எண்) நான்கில் ஒரு பங்கு வைத்திருக்கும் உரிமையாளர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு அவசரப் பொதுக்கூட்டம் கேட்கலாம். கடிதம் கிடைத்த 6 வாரத்துக்குள் குழு அதைக் கூட்டியாக வேண்டும். கவனியுங்கள், நான்கில் ஒரு பங்கு வீடுகள் அல்ல, பங்கு அலகுகள். கீழ்த்தளக் கடை உரிமையாளர் ஒருவரின் கையெழுத்து ஐந்தாறு வீடுகளுக்குச் சமமாக இருக்கலாம்.

அதே 21ஆம் தேதிக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. கூட்டத்துக்கு முந்தைய ஏழாம் நாளில் பராமரிப்புக் கட்டணமோ சிங்கிங் ஃபண்டோ (பெரிய வேலைகளுக்கான சேமிப்பு நிதி) பாக்கி இருந்தால் அந்த உரிமையாளருக்கு வாக்கு கிடையாது. கூட்டத்தன்று காலை வாசல் மேசையில் பணத்தைக் கட்டிவிட்டு "இப்போது கொடுத்துவிட்டேனே" என்பவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் வாக்கு போனது போனதுதான். உங்கள் தீர்மானத்துக்கு ஆதரவானவர்களில் யாருக்குப் பாக்கி இருக்கிறது என்று இரண்டு வாரம் முன்பே கேட்டு, கட்டச் சொல்லுங்கள். வீடு வீடாகப் போய் விளக்குவதைவிட இது அதிக வாக்குகளைக் கொண்டுவரும்.

கடைசியாகப் புரோக்சி, அதாவது உரிமையாளருக்குப் பதிலாக வந்து வாக்களிப்பவர். கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பு, அதாவது 26ஆம் தேதி வெள்ளி காலை 10 மணிக்குள், படிவம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஒருவர் ஒரே ஒரு உரிமையாளருக்குத்தான் புரோக்சியாக இருக்கலாம். பதினைந்து வீட்டுப் படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு வரும் அங்கிள் ஒருவர் எல்லாக் கட்டடத்திலும் உண்டு; அவற்றில் பதினான்கு வீண். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால், இருவரும் கையெழுத்திட்டு ஒருவரைப் புரோக்சியாக நியமிக்க வேண்டும். தங்களில் ஒருவரையே நியமிக்கலாம். மனைவி ஊரில் இருக்கிறார், நான்தானே வீட்டுக்காரர் என்று வந்து நிற்பவர்களின் வாக்குதான் அதிகம் தள்ளுபடியாகிறது.

வாசகம்

"லிஃப்ட் பிரச்சனைக்குத் தீர்வு காண்பது." இது தீர்மானம் அல்ல, பேச்சுக்குத் தலைப்பு. இதற்கு எல்லாரும் கைதூக்கினாலும் மறுநாள் காலையில் யாரும் எதையும் செய்ய முடியாது. கீழே உள்ளதைப் பாருங்கள்:

"இரண்டு லிஃப்டுகளையும் 400,000 வெள்ளிக்கு மேற்படாத செலவில் மாற்றுவது, அதில் 120,000 வெள்ளியைச் சிங்கிங் ஃபண்டிலிருந்து எடுப்பது, மீதி 280,000 வெள்ளியைப் பங்கு அலகு விகிதப்படி 12 மாதத் தவணையில் வசூலிப்பது, குறைந்தது மூன்று விலைப்பட்டியல்களை ஒப்பிட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை நிர்வாகக் குழுவுக்கு அளிப்பது, ஒப்பந்தம் 90 நாளுக்குள் கையெழுத்தாக வேண்டும் என இக்கூட்டம் தீர்மானிக்கிறது."

என்ன வேலை, அதிகபட்சம் எவ்வளவு, பணம் எங்கிருந்து, யார் செய்வது, எப்போதுக்குள். ஐந்தில் எது விடுபட்டாலும் கூட்டத்தில் சண்டை அந்த இடத்தில்தான் வெடிக்கும். உச்சவரம்பு இல்லாத தீர்மானத்தை ஆதரிக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து, குழுவில் இருப்பவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும்.

வீட்டுக்காரர் யாரும் 400,000 என்பதைப் படித்து முடிவெடுப்பதில்லை. தன் வீட்டுக்கு மாதம் எவ்வளவு கூடும் என்பதை வைத்துத்தான் எடுக்கிறார். அதை நீங்களே கணக்கிட்டு அறிவிப்போடு இணையுங்கள். கட்டடத்தின் மொத்தப் பங்கு அலகு 24,000 என்றால், 280,000-ஐ அதால் வகுக்க, ஓர் அலகுக்கு ஏறக்குறைய 11.67 வெள்ளி. 160 அலகு உள்ள வீட்டுக்கு மொத்தம் 1,866.67, மாதம் 155.56 வெள்ளி. 120 அலகு வீட்டுக்கு 1,400, மாதம் 116.67. இந்த எண்ணைக் காட்டாவிட்டால் ஆளாளுக்கு ஒன்றைக் கற்பனை செய்வார்கள், அது எப்போதும் உண்மையைவிடப் பெரியதாக இருக்கும்.

தரைத்தள வீட்டுக்காரர்கள் "நாங்கள் லிஃப்டே ஏறுவதில்லை" என்பார்கள். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் லிஃப்ட் பொதுச்சொத்து, கட்டணம் பங்கு அலகுப்படி, யார் எவ்வளவு பயன்படுத்துகிறார் என்பதன்படி அல்ல. இதைக் கூட்டத்தில் மைக் பிடித்து விளக்கினால் அவமானப்படுத்தியதுபோல் ஆகும். முந்தைய வாரம் இரவு எட்டரை மணிக்குமேல், சாப்பாட்டு நேரம் முடிந்து, கதவைத் தட்டி உட்கார்ந்து பேசுங்கள். அறிவிப்பின் சுருக்கம் ஒரு பக்கம் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் இருக்கட்டும். நம்மவர்கள் வாக்கு மட்டும் எந்தக் கட்டடத்திலும் போதாது.

மூன்று வழிகளை ஒன்றாக வாக்குக்கு விடாதீர்கள். பழுதுபார்ப்பதா, ஒன்றை மட்டும் மாற்றுவதா, இரண்டையும் மாற்றுவதா என்று கேட்டால் வாக்கு மூன்றாகப் பிரிந்து எதற்கும் பெரும்பான்மை வராது. முதலில் "மாற்றுவதா, வேண்டாமா?" அது முடிந்தபின் "12 மாதமா, 24 மாதமா?"

மண்டபத்தில்

கோரம், அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை, வாக்குரிமை உள்ள உரிமையாளர்களில் பாதி. 180 வீட்டுக் கட்டடத்தில் அது ஒருநாளும் வராது. பதறிக் கூட்டத்தை ஒத்திவைக்காதீர்கள். அரை மணி நேரம் கழித்தும் சேரவில்லை என்றால் வந்திருக்கும் வாக்காளர்களே கோரம் என்று சட்டம் சொல்கிறது. 10:00-க்கு எத்தனை பேர், 10:30-க்கு எத்தனை பேர் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். அந்தப் பதினெட்டுப் பேர் எடுப்பது 180 வீட்டையும் கட்டுப்படுத்தும். வராதவர்களுக்கு இதைச் சொன்னால் அடுத்தமுறை கொஞ்சம் பேர் கூடுதலாக வருவார்கள்.

கைதூக்கும்போது ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு. ஆனால் ஒரே ஒரு உரிமையாளரோ அவருடைய புரோக்சியோ "போல்" கேட்டால், வாக்கு பங்கு அலகுப்படி எண்ணப்படும். 41க்கு 22 என்று கைதூக்கலில் ஜெயித்த தீர்மானம், விற்காத வீடுகளைக் கையில் வைத்திருக்கும் மேம்பாட்டாளர் "போல்" கேட்டதும் கவிழ்ந்துவிடலாம். ஆகவே இரண்டு கணக்கையும் முன்பே போட்டுப் பாருங்கள். வாக்குச்சீட்டில் வீட்டு எண்ணும் பங்கு அலகும் முன்கூட்டியே அச்சாகியிருக்கட்டும். மடிக்கணினியில் கூட்டல் தாள் தயாராக இருக்கட்டும். எண்ணுவதற்கு இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் உட்காரட்டும். இதெல்லாம் இல்லாமல் "போல்" வந்தால் இரண்டு மணி நேரம் இழுக்கும், அதற்குள் ஆதரவாளர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கூடுதல் உள்விதிகள் கொண்டுவரச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: செலுத்தப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு. 64 வாக்கு விழுந்தால் 48 தேவை. 47 என்றால் தோல்வி. கைதூக்காமல் உட்கார்ந்திருப்பவர் கணக்கிலேயே வரமாட்டார். குறுகியகால வாடகையைத் தடுக்க நினைக்கும் கட்டடங்கள் இந்த வழியில்தான் போகின்றன. மோன் கியாராவின் வெர்வ் சூட்ஸ் வழக்கில், அத்தகைய தடை செல்லும் என்று 2020இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. உள்விதி மீறலுக்கு விதிக்கக்கூடிய அபராதம் 200 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. சிலர் உற்சாகத்தில் 2,000 என்று எழுதிவிடுகிறார்கள்.

நீங்கள் தீர்மானம் கொண்டுவருபவர் அல்ல, வாக்களிப்பவர் மட்டும்தான் என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "வேண்டாம் என்றால் அடுத்த 12 மாதம் என்ன செலவாகும்?" கடந்த மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கில் லிஃப்ட் பழுதுச் செலவு வரியைக் காட்டச் சொல்லுங்கள். போன வருடம்தானே மோட்டாருக்கு 30,000 கொட்டினோம், இப்போது மாற்றினால் அது வீண்தானே என்று ஒருவர் சொல்வார். அந்த 30,000 எப்படி வாக்களித்தாலும் திரும்பி வராது. இனிப் போகும் பணத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

குழு அறையில்

குழுவில் 3 முதல் 14 பேர்வரை இருக்கலாம். ஏழு பேர் குழுவுக்கு நால்வர் வந்தால்தான் கோரம். வாட்ஸ்அப்பில் மூன்று பேர் கட்டைவிரல் காட்டியது குழுவின் முடிவு ஆகாது.

விலைப்பட்டியல் உறைகளைப் பிரிக்கும் முன்பே மதிப்பெண் பங்கீட்டை எழுதிக் கையெழுத்திடுங்கள். உதாரணமாக விலை 40, உதிரிபாகம் உள்நாட்டில் கிடைப்பது 25, ஆள் உள்ளே சிக்கினால் எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்பது 20, உத்தரவாதம் 15. விலையைப் பார்த்தபின் பங்கீடு செய்தால், மனத்துக்குப் பிடித்த நிறுவனம் ஜெயிக்கும்படியே எண்கள் அமையும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, தானாக நடந்துவிடும். ஒவ்வொருவரும் பேசாமல் தாளில் மதிப்பெண் போட்டபிறகே விவாதம். தலைவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதைச் சுற்றியே நிற்பார்கள். உறுப்பினரின் மைத்துனர் நிறுவனம் விண்ணப்பித்திருந்தால், அதைச் சொல்லிவிட்டு அவர் வெளியே போக வேண்டும்.

ஆகக் குறைந்த விலையில் எது இல்லை என்று பாருங்கள். பழைய லிஃப்டைக் கழற்றி அகற்றுவது, மின்கம்பி மாற்றம், இயந்திர அறைப் பூச்சுவேலை, ஜே.கே.கே.பி. (தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) பரிசோதனைக்கான ஏற்பாடு: இந்த நான்கில் ஒன்றிரண்டு விடுபட்டுத்தான் விலை குறைந்திருக்கும். நான்கையும் ஒரே தாளில் நிரலாக எழுதி எல்லா நிறுவனத்திடமும் நிரப்பச் சொன்னால் வித்தியாசம் வெளிச்சமாகும்.

கூட்டம் முடிந்தபின்

குறிப்பில் தீர்மானத்தை வார்த்தை மாறாமல் எழுதுங்கள். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவு, எதிர்ப்பு எண்கள், "போல்" என்றால் பங்கு அலகுகள். "ஏகமனதாக" என்று எழுதினால், யாரும் எதிர்க்கவில்லை என்பது உண்மையாக இருக்கட்டும். ஆண்டுக்கூட்டத்தில் கணக்கு வைத்த 28 நாளுக்குள், தணிக்கைக் கணக்கோடு கூட்டக் குறிப்பின் சான்றளித்த நகலும் கட்டட ஆணையரிடம் போக வேண்டும். யாராவது தீர்மானத்தை எதிர்த்து ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போனால் (250,000 வெள்ளி வரையான கோரிக்கைகளை அது விசாரிக்கும்) முதலில் கேட்கப்படுவது அந்தக் குறிப்பும் அறிவிப்பு அனுப்பிய தேதியும்தான். வருகைப் பதிவேடு, புரோக்சி படிவங்கள், வாக்குச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு ஒட்டி, செயலாளரும் எதிர்த்து வாக்களித்த ஒருவரும் அதன்மேல் கையெழுத்திடட்டும்.

முதல் தவணைக்கான பில், தீர்மானத்தின் நகலோடு, இரண்டு வாரத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட வேண்டும்.