டெமோ முடிந்தும் "இது எதுக்கு?" என்றார்கள்: சரிசெய்த விதம்

ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்துக் காய்கறி கமிஷன் மண்டிகளுக்குக் கணக்கு ஆப் விற்கிறோம். குடோன், வண்டி வாடகை, கடன் பாக்கி என்று வசதிகள் கூடக்கூட, டெமோ முடிவில் "சரி தம்பி, இது எதுக்கு?" என்றார்கள். ஸ்லைடைக் குறைத்தோம், வீடியோ எடுத்தோம் (தண்டச் செலவு). பலனில்லை.

மறுநாள் போன் போட்டு, "நேத்து பார்த்தது என்ன செய்யும்?" என்று கேட்டு, பதிலை அப்படியே எழுதினோம். முதலாளிகள் கடைசியாகக் காட்டிய வசதியைத்தான் சொன்னார்கள். கணக்குப்பிள்ளைகள் சொன்னது: "எடை போட்டதும் கமிஷன், கூலி கழிச்சு விவசாயிக்குச் சீட்டு." அதையே எங்கள் பிட்ச்சுக்கு (ஆப்பை விளக்கி விற்கும் பேச்சுக்கு) முதல் வரியாக்கினோம், டெமோவும் அதிலேயே தொடங்கி அதிலேயே முடியும். மற்றதெல்லாம் இரண்டாம் பக்கம். இப்போது நிம்மதி.

ஒன்றைக் கவனியுங்கள்: பழைய கொட்டேஷன் டெம்ப்ளேட் (விலை சொல்லி அனுப்பும் கடிதத்தின் மாதிரி) ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் கிடக்கும். அழிக்காவிட்டால் பழைய பிட்ச் அந்த வழியாகவே திரும்பி வரும்.