எண்ணும் ஸ்ட்ரிங்கும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஸ்கிரிப்ட் எழுதுபவர்களின் கோடைப் படித்துத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. எண்ணையும் ஸ்ட்ரிங்கையும் (மேற்கோள் குறிக்குள் எழுதும் எழுத்துத் தொடர்) ஒப்பிடும்போது அவர்கள் இடறுவது பெரும்பாலும் நான் தொடக்கத்தில் இடறிய அதே இடங்களில்தான். இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றையைப் போடுவது மாதிரியானவற்றை எடிட்டரே காட்டிக்கொடுத்துவிடும், அவை இங்கே வேண்டாம். எர்ரர் எதுவும் வராமல், தவறான விடை மட்டும் வருகிற இடங்களைத்தான் சொல்லப்போகிறேன்.

ஃபார்மில் வருவது எண் என்று நம்புவது

ஜாவாஸ்கிரிப்டில் "10" < 9 என்று கேட்டால் பொய் என்று வரும். சரிதான். "10" < "9" என்று கேட்டால் உண்மை என்று வரும். ஒரு பக்கமாவது எண்ணாக இருந்தால் மற்றதையும் எண்ணாக மாற்றிப் பார்க்கும். இரண்டுமே ஸ்ட்ரிங் என்றால் அகராதியில் அடுக்குவது போல முதல் எழுத்திலிருந்து பார்க்கும். 1 என்பது 9க்கு முன்னால் வருகிறது, அவ்வளவுதான்.

ஃபார்மில் எண்ணுக்கான கட்டம் வைத்திருந்தாலும், அதன் மதிப்பு ஸ்ட்ரிங்காகத்தான் கைக்கு வரும். குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு கட்டங்களை ஒப்பிடுகிற கோடு, 20, 30 என்று சோதித்தபோதெல்லாம் சரியாக ஓடும். யாராவது 20, 100 என்று போட்டதும் "குறைந்தபட்சம் அதிகமாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்பும். மதிப்பை எடுக்கிற வரியிலேயே எண்ணாக மாற்றிவிடுங்கள். ஒப்பிடும் இடத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் ஏதாவது ஓரிடத்தில் மறந்துபோகும்.

ஜாவாஸ்கிரிப்டில் சார்ட்

வரிசைப்படுத்தும் சார்ட், விதி எதுவும் தராவிட்டால் எண்களையும் ஸ்ட்ரிங்காகவே அடுக்கும்: 1, 10, 9.

இரண்டு பக்கமும் ஸ்ட்ரிங்தானே என்று இருந்துவிடுவது

பிஎச்பியில் இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. இரண்டு மதிப்புகளும் மேற்கோள் குறிக்குள் இருக்கின்றன, ஆகவே எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பிஎச்பியின் == அப்படிச் செய்வதில்லை. இரண்டு ஸ்ட்ரிங்குமே எண்ணாகப் படிக்கக்கூடியவை என்றால் இரண்டையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். அதனால் "007" == "7" உண்மை. "1ஈ3" == "1000" உண்மை. (அடுக்கைக் குறிக்கும் ஆங்கில எழுத்தை இங்கே ஈ என்று எழுதுகிறேன், 1ஈ3 என்றால் ஒன்றைப் பத்தின் மூன்றாம் அடுக்கால் பெருக்குவது.)

இப்போது "0ஈ451233", "0ஈ908817" இரண்டையும் பாருங்கள். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். ஆகவே இரண்டும் சமம் என்கிறது பிஎச்பி.

ஒரு நிறுவனத்தில் ஸ்கேன் செய்த ஆவணங்களில் நகல்களை நீக்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) எடுத்து, அதன் முதல் எட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு == போட்டு ஒப்பிடும்; சமம் என்றால் புதியதை அழித்துவிடும். சில ஆவணங்கள் காணாமல் போவது வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு கோப்புகளுக்கு ஒரே ஹேஷ் விழுந்திருக்கும் என்று முடிவுகட்டி, எம்டி5ஐ எடுத்துவிட்டு இன்னொரு ஹேஷ் முறையான எஸ்எச்ஏ1 போட்டார்கள். எட்டு எழுத்தும் அப்படியே, ==உம் அப்படியே. ஆவணங்கள் தொடர்ந்து காணாமல் போயின. என்னிடம் வந்தபோது அழிந்தவற்றின் பதிவைத் திறந்து பார்த்தேன்: அழிந்த ஆவணங்கள் எல்லாவற்றின் ஹேஷும் பூஜ்யத்தில் தொடங்கி ஈயைத் தாண்டி வெறும் எண்களாக ஓடின.

கணக்குப் போட்டால் இது அபூர்வமே இல்லை. ஹேஷின் ஒவ்வொரு இடத்திலும் 16 குறிகளில் ஒன்று வரலாம், அவற்றில் 10 இலக்கங்கள். எட்டு எழுத்துத் துண்டு ஒன்று இந்த வடிவில் அமைய ஏறக்குறைய 4000க்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஒரு லட்சம் கோப்புகளில் சுமார் 25 கோப்புகள் ஒன்றுக்கொன்று "சமம்" ஆகிவிடும். பத்துக் கோப்புகளை வைத்துச் சோதித்தால் இது எப்படிக் கண்ணில் படும்?

முழு ஹேஷில் வாய்ப்பு பல கோடியில் ஒன்றாகக் குறைந்துவிடும். தற்செயலாக நடக்காது, ஆனால் வேண்டுமென்றே தேடினால் கிடைக்கும். 240610708 என்ற எண்ணின் எம்டி5 ஹேஷ், பூஜ்யம், ஈ, பிறகு 30 இடங்களும் இலக்கங்கள் என்று அமைகிறது. கடவுச்சொல்லின் எம்டி5 ஹேஷை == போட்டுச் சரிபார்க்கும் தளத்தில், யாருடைய ஹேஷாவது இதே வடிவில் இருந்தால் அவர் கணக்கில் இந்த எண்ணை வைத்தே நுழைந்துவிடலாம்.

மருந்து எளிது: மூன்று சமக்குறி (===), அது எதையும் மாற்றாமல் அப்படியே ஒப்பிடும். ஹேஷுக்கு ஹேஷ்_ஈக்வல்ஸ், கடவுச்சொல்லுக்கு பாஸ்வேர்ட்_வெரிஃபை. தேடும் இன்_அரே ஃபங்ஷனும் சும்மா விட்டால் == போலத்தான் நடந்துகொள்ளும், மூன்றாவது இடத்தில் ட்ரூ கொடுக்க வேண்டும். ஸ்விட்ச்சும் அப்படித்தான்; பிஎச்பி 8இல் வந்த மேட்ச் கண்டிப்பாக ஒப்பிடும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஹேஷ் துண்டுகளை அரேயின் கீயாக (மதிப்பைத் தேடியெடுக்கும் பெயராக) போட்டு வைத்தால், "12345678" மாதிரி முழுக்க இலக்கமாக இருப்பதை பிஎச்பி எண்ணாக மாற்றிவிடும். திரும்ப எடுத்து === போட்டால் பொருந்தாது. எடுத்ததும் ஸ்ட்ரிங்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

"பிஎச்பி 8இல்தான் சரிசெய்துவிட்டார்களே!"

பாதிதான். 2020இல் வந்த 8.0க்கு முன்பு 0 == "அஆஇ" உண்மை என்று வரும்; இப்போது பொய். மேலே சொன்ன "0ஈ" விவகாரம் அப்படியே இருக்கிறது. அதற்கு மேல், முன்பு பொய்யாக இருந்த "10 " == "10" இப்போது உண்மை, ஏனென்றால் கடைசியில் இடைவெளி இருந்தாலும் எண்ணாக ஏற்றுக்கொள்கிறது.

பேஷ் ஷெல்லில் ஒற்றை அடைப்புக்குள் >

[ 3 > 9 ] என்று எழுதினால் உண்மை என்று வரும், கூடவே 9 என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பும் உருவாகும், ஏனென்றால் அங்கே அந்தக் குறி வெளியீட்டைக் கோப்புக்கு அனுப்புவதற்கானது. எண்ணுக்கு -ஜிடி (பெரியது), -எல்டி (சிறியது).

பைத்தான் காப்பாற்றும் என்று நம்புவது

பைத்தான் 2இல் 10 < "9" என்பது சத்தமில்லாமல் உண்மை என்று வந்துகொண்டிருந்தது. பைத்தான் 3 அதை எர்ரர் ஆக்கிவிட்டது, நல்ல முடிவு. ஆனால் == அங்கேயும் வாய் திறக்காது. இன்புட்டில் வாங்கிய "5"ஐ 5 உடன் ஒப்பிட்டால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பொய் என்றுதான் வரும், வட்டம் போட்டுக் காத்திருக்கும் லூப் முடியவே முடியாது.

எண் போலத் தெரிவதையெல்லாம் எண்ணாக்குவது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் எண்ணாக மாற்றத் தொடங்குபவர்களும் உண்டு. கூட்டிக் கழிக்காத எதுவும் எண் இல்லை. தொலைபேசி எண்ணும் அடையாள எண்ணும் ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும். மாற்றினால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். ஜாவாஸ்கிரிப்டில் இன்னொன்றும் நடக்கும்: 9007199254740993ஐ எண்ணாக மாற்றினால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும், பிறகு === போட்டாலும் அடுத்தவருடைய பதிவுதான் கையில் வரும்.