ஜூலையில் செய்த தவறு அக்டோபரில் ஆட்டத்தைப் பறிக்கும்: அமெரிக்க ஹைஸ்கூல் விளையாட்டில் பெற்றோர் தவிர்க்க வேண்டியவை

அமெரிக்காவில் பிள்ளைக்கு ஹைஸ்கூல் டீமில் இடம் கிடைத்ததும் ஷூ வாங்குகிறோம், கேம்ப்புக்குப் பணம் கட்டுகிறோம், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சேருகிறோம். விதிகளை மட்டும் படிப்பதில்லை. மகளின் பள்ளி பாஸ்கெட்பால் ஆட்டங்களில் மூன்று வருடமாக ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து வருகிறேன். ரெஃபரியின் விசிலுக்குப் பெற்றோர் கொதிப்பதை வாரா வாரம் பார்க்கிறேன். ஆனால் ஜெயித்த ஆட்டத்தையே பறித்துக்கொண்டு போவது பெரும்பாலும் கோடை விடுமுறையில் யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு விதிதான்.

முதல் தவறு, நாடு முழுக்க ஒரே விதி என்று நினைப்பது. பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் ஆட்ட விதிகளை எழுதுவது இண்டியானாபொலிஸில் இருக்கும் என்.எஃப்.எச்.எஸ். என்ற தேசியக் கூட்டமைப்பு. கோடைப் பயிற்சி, தகுதி, பள்ளி மாறுவது ஆகியவற்றை முடிவு செய்வது அந்தந்த மாநிலச் சங்கம். டெக்சாஸில் யு.ஐ.எல்., கலிஃபோர்னியாவில் சி.ஐ.எஃப்., இப்படி. டல்லாஸில் இருக்கும் சித்தப்பா சொல்லும் யோசனை சான் ஹோசேயில் செல்லாமல் போகலாம்.

அடுத்தது, பள்ளி மூடிவிட்டால் கட்டுப்பாடும் முடிந்தது என்ற நினைப்பு. கென்டக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு வருடமும் ஜூன் 25 முதல் ஜூலை 9 வரை 'டெட் பீரியட்'. அந்த நாட்களில் பள்ளியின் கோச் பயிற்சி தரக் கூடாது. பள்ளியின் ஜிம், சீருடை, பஸ், உபகரணங்கள் எதையும் தொடக் கூடாது. டீமின் பட்டப்பெயரைப் போட்டுக்கொண்டுகூட ஆடக் கூடாது. நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சம்பளம் வாங்காமல் உதவி செய்யும் கோச்சுக்கும் இந்தத் தடை பொருந்தும். "நான் வாலண்டியர்தானே, சும்மா பசங்களோட ஷூட் பண்ணலாம்" என்று பள்ளி ஜிம்மைத் திறக்கும் அப்பா, தெரியாமலே விதியை மீறுகிறார். ஜூலை 4-ஐ ஒட்டி இதுபோன்ற இடைவெளி வேறு பல மாநிலங்களிலும் இருக்கிறது. தேதிகள்தான் மாறும்.

இதற்கு நேர்மாறான பயமும் நம் வீடுகளில் உண்டு. கோடைப் பயிற்சிக்குப் போகாவிட்டால் டீமில் இடம் போய்விடும் என்று ஊருக்குப் போகும் டிக்கெட்டையே ரத்து செய்தவர்களை எனக்குத் தெரியும். டெக்சாஸில் பள்ளி நடத்தும் கோடை உடற்பயிற்சி முற்றிலும் விருப்பத்தின் பேரில் நடப்பது. அதில் கலந்துகொண்டால்தான் டீமில் சேர்ப்போம் என்று கோச் நிபந்தனை போட முடியாது. ஆறு வாரம் தாத்தா பாட்டியோடு இருந்துவிட்டு வரட்டும். ஓட்டப் பயிற்சியை அங்கேயும் செய்யலாம்.

கிளப் விஷயத்தில் ஆகஸ்ட்தான் ஆபத்தான மாதம். கோடை முழுக்கக் கிளப் டீமில் ஆடியிருப்பார்கள், அதற்குள் பள்ளியின் சீசன் தொடங்கிவிடும். கடைசி டோர்னமென்ட்தானே என்று போய்விட்டால் தீர்ந்தது. கலிஃபோர்னியாவில் பள்ளி சீசன் நடக்கும்போது அதே விளையாட்டை வெளி டீமுக்காக ஆடினால் தகுதி போய்விடும். முதல் தடவை என்றால், வெளியே ஆடியதைப் போல இரண்டு மடங்கு பள்ளி ஆட்டங்களில் ஆடாமல் உட்கார வேண்டும். நீச்சல், டென்னிஸ் போன்ற தனிநபர் விளையாட்டுகளுக்கு ஒரு வழி இருக்கிறது: எந்தக் கிளப்பின் பெயரும் இல்லாமல், தனி ஆளாகப் பதிவு செய்து போட்டியிடலாம். பதிவுப் படிவத்தில் கிளப் பெயர் தானாக நிரம்பியிருக்கும். அதை அழிக்க மறந்துவிடாதீர்கள்.

பணம் இன்னொரு கண்ணி. டெக்சாஸில் பள்ளி கோச் நடத்தும் கேம்ப்பின் கட்டணத்தை மாணவரோ பெற்றோரோதான் கட்ட வேண்டும். இலவச அல்லது சலுகை மதிய உணவுக்குத் தகுதி உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட் கட்டணத்தைக் குறைக்கலாம், தள்ளுபடியும் செய்யலாம். நல்ல மனதோடு யாரோ ஒருவர் முழு டீமுக்கும் கட்டுவது உதவி ஆகாது. போட்டியில் ஜெயித்ததற்காகப் பணமோ கிஃப்ட் கார்டோ வாங்குவதும் அங்கே தடை. தெரியாமல் வாங்கிவிட்டால் மறைக்காதீர்கள். தவறு என்று தெரிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்தால் தகுதியைத் திரும்பப் பெற வழி இருக்கிறது.

சரி, இனி புரொட்டஸ்ட்டுக்கு வருவோம். ரெஃபரி தவறு செய்தால் மேல்முறையீடு செய்து முடிவை மாற்றலாம் என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். தேசியக் கூட்டமைப்பின் பாஸ்கெட்பால் விதிகள் புரொட்டஸ்ட்டையே ஏற்பதில்லை. பேஸ்பாலில் அனுமதிப்பதா வேண்டாமா என்பது மாநிலத்தின் விருப்பம்.

1981-இல் ஜார்ஜியாவில் ஆஸ்போர்ன் ஹைஸ்கூல் ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் 7-6 என்று முன்னிலையில் இருந்தது. பந்தை உதைத்த ஆஸ்போர்ன் வீரரை எதிரணி இடித்தது. விதிப்படி 15 கெஜமும் புதிய ஃபர்ஸ்ட் டவுனும், அதாவது பந்தை முன்னே கொண்டுபோக மறுபடி முதலிலிருந்து நான்கு முயற்சிகளும், கிடைக்க வேண்டும். ரெஃபரி கெஜத்தைக் கொடுத்தார், ஃபர்ஸ்ட் டவுனைக் கொடுக்கவில்லை. ஆஸ்போர்ன் மறுபடி உதைத்தது, கடைசியில் 16-7 என்று தோற்றது. பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். அந்த இடத்திலிருந்து மறுபடி ஆட வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் உத்தரவும் போட்டது. மாநில உச்ச நீதிமன்றமோ, ரெஃபரிகளின் முடிவை ஆராய நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. 2014-இல் ஓக்லஹோமாவில் டக்ளஸ் ஹைஸ்கூல் கடைசி நிமிடங்களில் அடித்த டச் டவுனை ரெஃபரிகள் தவறாக ரத்து செய்தார்கள். தவறு என்று மாநிலச் சங்கமே ஒப்புக்கொண்டது. அப்படியும் நீதிமன்றம் மறு ஆட்டத்துக்கு உத்தரவிட மறுத்துவிட்டது. அந்தப் பசங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

ஆகவே திருத்த வேண்டியதை ஆட்டத்தின்போதே திருத்த வேண்டும். போன குளிர்காலத்தில் ஒரு மாலை, அந்தக் குவார்ட்டரில் எதிரணியின் ஐந்தாவது ஃபவுல். எங்கள் பெண்ணுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ வர வேண்டும். ரெஃபரியோ பந்தை ஓரக்கோட்டில் கொடுத்துவிட்டார். கேலரியில் ஒரே கூச்சல். கோச் கத்தவில்லை. பந்து வெளியே போய்க் கடிகாரம் நின்றதும் மேசைக்கு வந்தார், என் ஏட்டில் ஃபவுல் கட்டங்களை விரலால் எண்ணினார், டைம் அவுட் கேட்டு ரெஃபரியை அழைத்தார். இரண்டு த்ரோவும் கிடைத்தன. பந்து மறுபடி ஆட்டத்துக்கு வந்திருந்தால் அந்த வாய்ப்பு போயிருக்கும்.

தகுதி பற்றிய புகாருக்கு மட்டும் இப்படி உடனே கதவு மூடுவதில்லை. டெக்சாஸில் அதை விசாரிப்பது யு.ஐ.எல்.-இன் மாவட்டச் செயற்குழு. தகுதியில்லாத ஒருவரை ஆட வைத்தது உறுதியானால், குறைந்தபட்சத் தண்டனையே அந்த ஆட்டத்தை இழப்பதுதான். உங்கள் பிள்ளை ஒருவரின் ஜூலை தவறுக்கு முழு டீமும் அக்டோபரில் விலை கொடுக்கும்.

கோச் வாய்மொழியாகச் சரி என்றாலும் போதாது. மே மாதமே பள்ளியின் அத்லெடிக் டைரக்டருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். போட்டியின் பெயர், தேதி, யார் நடத்துகிறார்கள், யார் கோச், கட்டணம் யார் கட்டுகிறார்கள், என்ன பரிசு என்று ஆறு வரி போதும். எழுத்தில் பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள், அந்தப் பதிலைச் சீசன் முடியும்வரை வைத்திருங்கள்.