பழைய டென்ட்டை எப்போது மாற்றுவது, புதியதில் எதைப் பார்ப்பது

பழைய டென்ட்டை மாற்றத்தான் வேண்டுமா என்பதை ஃப்ளையின் (டென்ட்டின் மேல் போர்த்தும் மழைத்துணி) உள்பக்கப் பூச்சைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஜிப்போ, டென்ட்டைத் தாங்கும் கம்பியான போலோ பழுதானதற்காக யாரும் டென்ட் வாங்க வேண்டியதில்லை. ஜிப் மூடியும் பல் விரிந்தால் ஸ்லைடர் தளர்ந்திருக்கிறது. குறட்டால் இரு ஓரத்தையும் மெல்ல அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். வளைந்த அலுமினியப் போலில் அந்த ஒரு துண்டையும், துண்டுகளைக் கோக்கும் எலாஸ்டிக் உள்கயிறு தொய்ந்தால் அதையும் மட்டும் மாற்றலாம்.

பூச்சு போனால் கதை வேறு. ஃப்ளையை உள்பக்கம் வெளியே வரும்படி விரித்துத் தடவுங்கள். பிசுபிசுப்பு, வாந்தி போன்ற புளித்த வாடை, வெள்ளைச் செதில், இவற்றில் ஒன்று இருந்தாலும் பாலியூரித்தேன் பூச்சு சிதையத் தொடங்கிவிட்டது. ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்து செய்கிற வேலை இது. நனைந்த டென்ட்டை அப்படியே சுருட்டிப் பரணில் போட்டால் சீக்கிரமே இந்த நிலைக்கு வரும். ஃப்ளை முழுவதும் புதுப் பூச்சு அடிக்க முதலில் பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த உழைப்புக்குப் பலன் அரிது. அடுத்து, வெயில் அதிகம் பட்ட உச்சிப் பகுதித் துணியை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். காகிதம் போலக் கிழிந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

அதே மாடலின் புதிய பதிப்பை வாங்கினாலும் அளவு அதேதான் என்று நம்ப வேண்டாம். டென்ட்டுக்கு அடியில் போடும் பழைய அடிவிரிப்பைப் புதிய டென்ட்டின் தரைத்துணியோடு வைத்து அளந்து பாருங்கள். விரிப்பு எல்லாப் பக்கமும் தரையைவிட 3 முதல் 5 செ.மீ. உள்ளடங்கி இருக்க வேண்டும். வெளியே நீட்டினால் ஃப்ளையிலிருந்து வழியும் மழைநீரை அதுவே பிடித்துத் தரைக்கு அடியில் தேக்கும். பழைய, புதிய போல்களையும் கலக்காதீர்கள். ஓரிரு செ.மீ. நீளம் கூடினாலே தையல் இழுபடும். குறைந்தால் துணி தொய்ந்து காற்றில் படபடக்கும்.

இருவர் டென்ட் என்றால் தரை அகலம் சுமார் 130 செ.மீ. இருக்கும். 51 செ.மீ. பாய் இரண்டு தாராளமாகப் போடலாம், 64 செ.மீ. பாய் என்றால் பை வைக்க இடமில்லை. நீர்த்தாங்கு அளவு (துணி கசியாமல் தாங்கும் நீரின் உயரம்) ஃப்ளைக்கு 1500 மி.மீ., தரைக்கு 3000 மி.மீ. இருந்தால் நல்லது. முழங்கால் ஊன்றும்போது தரையில் அழுத்தம் கூடுவதால்தான் இந்த வேறுபாடு. நைலான் நனைந்தால் தொய்யும், இரவில் ஒருமுறை எழுந்து கயிறுகளை இழுத்துக் கட்ட வேண்டிவரும்; பாலியெஸ்டரில் இந்தத் தொல்லை குறைவு. கொடைக்கானல் போன்ற குளிர்மலைக்கு முழுக்க வலையாலான உள்கூடு (ஃப்ளைக்கு உள்ளே இருக்கும் அறை) வேண்டாம், பாதி உயரம் துணி இருப்பதே நல்லது.

பயணத்துக்கு முன்பே வீட்டில் கட்டிப் பாருங்கள். மொட்டைமாடியில் முளை அடிக்க முடியாது. மூலைகளில் தண்ணீர் கேன் கட்டுங்கள். ஹோஸ் பைப்பால் 20 நிமிடம் தண்ணீர் தெளித்துவிட்டு, உள்ளே தையல்கள்மேல் டிஷ்யூ காகிதம் ஒற்றுங்கள். ஈரம் தெரிந்த இடத்தைத் துடைத்து உலர்த்தி சீலர் (தையல் துளைகளை அடைக்கும் பசை) தடவுங்கள். சிலிக்கான் பூசிய துணிப்பக்கத்துக்குச் சிலிக்கான் சீலர், பாலியூரித்தேன் பக்கத்துக்குப் பாலியூரித்தேன் சீலர். மாற்றித் தடவினால் உரிந்து வந்துவிடும். ஒரு நாள் காயவிட்டு மறுபடி தண்ணீர் தெளித்துப் பாருங்கள்.

பழையதை வீசுமுன் முளைகள், இழுகயிறுகள், கொக்கிகளை எடுத்துவையுங்கள். வலைத்துணியில் கையகலத் துண்டுகள் வெட்டிவைத்தால் புதிய டென்ட்டின் வலை கிழியும்போது ஒட்டுப்போட உதவும்.