அம்மம்மாட மூங்கில் தட்டு: வயதும் விலையும் பார்க்கிற விதம்

சென்ற மாதம் ஆரையம்பதியில் இருந்து சின்னம்மாவின் மகள் போன் எடுத்தாள். "அக்கா, பழைய சாமான் எடுக்கிற லொறி வாசல்ல நிக்குது. அம்மம்மாட மூங்கில் தட்டுக்கு எட்டாயிரம் தாறாராம். குடுக்கவா?"

"குடுக்காத. துடைக்கவும் வேணாம். நாளைக்கு வாறன்" என்றேன்.

மட்டக்களப்புக் கல்லடியில் பத்தொன்பது வருடமாகப் பிரம்புப் பின்னல் வேலை செய்கிறேன். உடைந்த கதிரையோடு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது, "இது எவ்வளவு போகும்?" என்பதுதான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அம்மம்மாட தட்டு, சாமான் வைக்கிற அடுக்குத் தட்டு. அதை நான் பார்த்த ஒழுங்கிலேயே சொல்கிறேன். ஒரு டோர்ச், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு அளவுநாடா போதும்.

முதலில் சாமானைக் கவிழ்த்துப் போடுங்கள். மேற்பக்கத்துக்கு எல்லாரும் வார்னிஷ் அடிப்பார்கள், அடிப்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. அங்கே வெட்டுமுனை ஒன்றைத் தேடுங்கள். நடுவில் குழாயாக இருந்தால் மூங்கில். உள்ளே திண்மையாக, ஊசிக்குத்துப் போலப் பொடி ஓட்டைகளோடு இருந்தால் அது பிரம்பு. நம்முடைய ஆட்கள் இரண்டையும் 'பிரம்புச் சாமான்' என்றே சொல்வதால் விலை பேசும்போது குழப்பம் வருகிறது. மூங்கில் கணு தடித்து மேடாக இருக்கும், உள்ளே தடுப்பும் இருக்கும். பிரம்பில் இலைமடல் கழன்ற வளையத் தழும்பு மட்டும்தான். மூன்றாவது வகையும் உண்டு: மரத்தைக் கடைந்து கணு வைத்து மூங்கில் மாதிரிச் செய்தது. அதில் மரத்தின் ரேகை கணுவை ஊடறுத்து நேராக ஓடும், தட்டினால் மொத்தென்று கேட்கும். அதை மட்டம் என்று தள்ளாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அது ஒரு மோஸ்தராகவே இருந்தது.

வட்ட இருக்கையில் பிரம்புப் பின்னலும் வளைந்த முதுகும் உள்ள கதிரை வேறு கதை. அதன் சட்டம் மூங்கிலும் இல்லை, பிரம்பும் இல்லை, நீராவியில் வளைத்த மரம். வியன்னாவில் தோனெட் என்ற கதிரைக் கம்பெனி 1859இல் வெளிவிட்ட 14ஆம் இலக்கக் கதிரையும் அதன் போலிகளும் உலகம் முழுக்கப் போயின. இருக்கை வளையத்தின் உட்புறத்தில் முத்திரையோ கடதாசித் துண்டோ இருக்கிறதா பாருங்கள்.

ஆரையம்பதித் தட்டு மூங்கில்தான். நாலு அடுக்கு. கால்களில் கபிலநிறப் புள்ளிகள், ஆமையோடு மாதிரி. அது அழுக்கு அல்ல, நெருப்பால் சுட்டு எடுத்த அலங்காரம். மூங்கில் முனைகளை மரவில்லைகள் வைத்து மூடியிருந்தார்கள். இரண்டாம் அடுக்கில் கறுப்பு அரக்குப் பலகை, அதில் பொன்னிறத்தில் ஒரு பறவை. வாலைக் காணவில்லை. வீட்டில் இதைச் 'சீனத் தட்டு' என்பார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானில் இருந்து மூங்கிலும் அரக்குப் பலகையும் இறக்கி, இங்கிலாந்துப் பட்டறைகளில் இப்படியான தட்டுகளைச் செய்தார்கள். சுட்ட புள்ளி, மூடிய முனை, அரக்குப் பலகை மூன்றும் சேர்ந்து வந்ததால் அந்தப் பக்கம்தான் என் மனம் போனது.

மறுகா பார்க்க வேண்டியது ஆணி. நமது கரையோரத்தில் துருவை நம்பி வயது சொல்லக்கூடாது. உப்புக்காற்றில் இரண்டு மாரி போனால் புது ஆணியும் பழசாகத் தெரியும். வடிவத்தைப் பாருங்கள். தண்டு சதுரமாக இருந்தால் பழையது, ஏனென்றால் உருண்டைக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவலானது. தலையில் கூட்டல் அடையாளம் வெட்டிய ஸ்குரூவுக்கு 1936இல்தான் காப்புரிமை கிடைத்தது. அப்படி ஒன்றைக் கண்டதும் "புதுச்சாமான்" என்று முடிவுகட்ட வேண்டாம். பக்கத்தில் அடைபட்ட பழைய ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தத் தட்டில் பின்னங்கால் ஒன்றில் மட்டும் இரண்டு கூட்டல் ஸ்குரூ. ஒரு விரல் தள்ளி, தூசி அடைந்த சதுர ஓட்டை ஒன்று இருந்தது. கால் ஒருமுறை கழன்று யாரோ பூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூட்டுகளைச் சுற்றிய பிரம்புக் கட்டு எங்கேயாவது தளர்ந்திருந்தால் அதை மெல்ல நகர்த்தி அடியைப் பாருங்கள். வெளிச்சமும் கைப்பட்ட எண்ணெயும் கொடுத்த நிறம் என்றால் கட்டுக்கு அடியில் மூங்கில் வெளிறியிருக்கும். அடியிலும் அதே கடும்நிறம் என்றால் கட்டுவதற்கு முன்பே சாயம் பூசியது. எனக்கு அதிக நம்பிக்கை தருகிற அடையாளம் இதுதான்.

பின்னல் இருக்கை என்றால் சட்டத்தின் அடியில் வரிசையாக ஓட்டைகள் உள்ளனவா பாருங்கள். ஓட்டை ஓட்டையாகக் கோர்த்தது கைப்பின்னல். காடி வெட்டி, விளிம்பில் ஒரு பிரம்பை அடித்து இறுக்கியது இயந்திரத்தில் பின்னிய தாள்.

இவ்வளவும் சாமான் சொல்வது. மிச்சத்தைப் பெண்கள்தான் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடு மகளுக்குத்தான் போகிறது, வீட்டோடு தட்டுமுட்டும் போகிறது. ஆகவே அப்பாவின் ஆட்களிடம் விசாரித்துப் பலனில்லை. அம்மா, அம்மம்மா, அவவின் சகோதரிகள் என்ற வழியில் கேளுங்கள். "எந்த வருசம்?" என்று கேட்டால் பதில் வராது. வெள்ளத்தை, சூறாவளியை வைத்துக் கேளுங்கள். 1957 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்னமா? 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போனபோது எந்த அறையில் நின்றது? தொண்ணூறில் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது யார் பார்த்தது? சுனாமிக்குப் பிறகு எங்கிருந்து எடுத்தீர்கள்?

பெரியம்மாவுக்கு எண்பத்தாறு வயது. தட்டின் காலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னா: "இது எங்கட அப்பா கச்சேரியில வேல செய்யக்குள்ள, துரை கப்பலேறப் போறதுக்கு முன்ன ஏலத்துல எடுத்த. வெள்ளத்துக்கு நாங்க கோயிலடிக்குப் போன, மகள். வந்து பாத்தா கீழ்த்தட்டு முழுக்கச் சேறு." (கச்சேரி என்றது அரசாங்க அதிபரின் அலுவலகம்.)

டோர்ச்சைப் பிடித்தேன். நாலு கால்களிலும் ஒரே உயரத்தில், நிலத்தில் இருந்து பதினொரு அங்குலத்தில், மங்கலான ஒரு கோடு. கணுவின் மடிப்புக்குள் நரைத்த வண்டல். பெரியம்மா கோட்டைப் பார்த்துச் சொல்லவில்லை, அவவுக்குக் கண் அவ்வளவு தெரியாது. அந்தக் கோட்டை யாராவது தேய்த்துக் கழுவியிருந்தால் அவவின் சொல்லுக்குச் சாட்சி இல்லாமல் போயிருக்கும்.

இதனால்தான் துடைக்க வேண்டாம் என்றேன். என் அம்மாவின் சாய்மனைக் கதிரையை ஒரு கல்யாணத்துக்காக மினுக்கக் கொடுத்தோம். வேலைசெய்தவர் சாண்ட்பேப்பரால் தேய்த்துத் தேய்த்து, கைச்சட்டத்தின் அடியில் இருந்த எழுத்தையே அழித்துவிட்டார். என்ன எழுதியிருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பூச்சியையும் பார்க்க வேண்டும். கறுப்புத் துணியொன்றில் சாமானை வைத்து விரலால் தட்டுங்கள். கோதுமை மா மாதிரித் தூள் கொட்டினால் வண்டு இப்போதும் உள்ளே இருக்கிறது, விலை விழும். ஓட்டை மட்டும் இருந்து தூள் வராவிட்டால் பழைய காயம்.

விலைக்கு வருவோம். மூங்கில் சாமான், முதிரை மரமோ கருங்காலி மரமோ போகிற விலைக்குப் போகாது. இதை நேராகவே சொல்லிவிடுவது நல்லது. விலையை ஏற்றுவது உடையாத அரக்குப் பலகை, மாற்றாத கால், சோடியாக இருப்பது, முத்திரை, பிறகு வந்த வழியைச் சொல்லும் ஆதாரம். எனாமல் பெயின்ற் அடித்தால் பெரும்பகுதி போய்விடும். யாவாரி தரும் விலையும் கொழும்புக் கடையில் தொங்கும் விலையும் ஒன்றாக இராது. அவர் ஏற்றுக்கூலியும் திருத்தக்கூலியும் பார்ப்பார், அதில் பிழையில்லை. ஆனால் குறைந்தது இரண்டு பேரிடம் கேளுங்கள், நல்ல படம் எடுத்துக் கொழும்பில் ஒருவரிடமும் கேளுங்கள். சகோதரங்களுக்குள் பங்கு பிரிக்கும்போது கடைவிலையைப் போட்டுச் சண்டைபிடிக்காதீர்கள், கையில் வரக்கூடிய விலையைப் போடுங்கள். வெளிநாட்டில் உள்ள தம்பிக்கு அனுப்புவதென்றால் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரியுங்கள். பழம்பொருளை அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. அவுஸ்திரேலியாவில் மூங்கிலைப் பூச்சிக்காகவும் சோதிப்பார்கள்.

லொறிக்காரர் மறுநாள் வந்தார். வெள்ளக் கோட்டைக் காட்டி, ஏலக் கதையையும் சொன்னதும் இருபத்திரண்டாயிரம் வரை ஏறினார். தங்கச்சி பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு, "இப்ப வேணாம் ஐயா" என்றாள்.

தட்டைச் சன்னலடியில் இருந்து உள்சுவருக்கு மாற்றினோம். கச்சான் காற்று நேரே அடித்தால் மூங்கில் நீளத்துக்கு வெடிக்கும். பெரியம்மா சொன்னதை அவவின் சொல்லிலேயே ஒரு தாளில் எழுதித் திகதி போட்டோம். தட்டு பின்னால் தெரிகிற பழைய கல்யாணப் படம் ஒன்றின் பிரதியும் கிடைத்தது. பசை போட்டு ஒட்டவில்லை. இரண்டையும் ஒரு துணிப்பையில் வைத்து, மூன்றாம் அடுக்கின் அடியில் பருத்தி நூலால் கட்டிவிட்டோம்.