பார் சார்ட்டின் அடியை வெட்டாதீர்கள்

போடிநாயக்கனூரிலும் மலைக்கு அந்தப் பக்கம் குமுளி, வண்டன்மேட்டிலும் ஏலக்காய் வியாபாரிகளுக்கு டாஷ்போர்டு (விலை, விற்பனை எண்களை ஒரே திரையில் படங்களாகக் காட்டுவது) செய்து தரும் இளைஞர்கள் அதிகரித்து வருகிறார்கள். எழுத்துப் பிழை, ஃபார்முலாப் பிழை எல்லாம் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் கண்ணில் படாதவற்றைச் சொல்கிறேன்.

பூஜ்யத்தில் தொடங்காத பார்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஏலக்காயின் போன வாரச் சராசரி விலை கிலோவுக்கு 2,520 ரூபாய், இந்த வாரம் 2,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கம் 5 சதவீதம்கூட இல்லை. பார் சார்ட்டின் அச்சை, அதாவது உயரத்தை அளக்கும் அளவுகோலை, 2,350இல் தொடங்கினால் ஒரு பாரின் உயரம் 170, மற்றதன் உயரம் 50. விலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிட்டது போலத் தெரியும்.

இப்படி ஒரு திரையைப் பார்த்துப் பதறி, குடோனில் இருந்த சரக்கு முழுவதையும் அடுத்த ஏலத்துக்கே அனுப்பிவிட்டார் ஒரு வியாபாரி. பிறகு விலை மீண்டபோது விற்க அவர் கையில் காய் இல்லை. “எண் அங்கேயே போட்டிருந்ததே சார்” என்றார் செய்து கொடுத்த தம்பி. கண் முதலில் உயரத்தைப் பார்க்கும், எண்ணை அப்புறம்தான் படிக்கும்.

இதில் எக்செல்லை நம்பி விட்டுவிடக் கூடாது. எண்கள் நெருக்கமாக இருந்தால் அச்சின் தொடக்கத்தை அதுவாகவே மேலே ஏற்றிவிடும். குறைந்தபட்ச மதிப்பு 0 என்று நீங்களே போடுங்கள்.

“120 ரூபாய் சின்ன வித்தியாசமா?” என்று கேட்பார்கள். பெரியதுதான், 500 கிலோவுக்கு 60,000 ரூபாய் ஆகிறது. அதைக் காட்ட லைன் சார்ட் இருக்கிறது. அதில் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை என்பதால் பூஜ்யம் கட்டாயமில்லை, அச்சில் அளவுகள் தெளிவாக இருந்தால் சரி. இல்லாவிட்டால், வாராவாரம் எவ்வளவு கூடியது, குறைந்தது என்பதை மட்டும் தனி பாராகப் போடுங்கள்.

மில்லியன்

டாஷ்போர்டு செய்யும் மென்பொருளான பவர் பிஐ, 12,50,000 என்பதைத் தானாகவே “1.25 எம்” (மில்லியன்) என்று சுருக்கும். போடியில் யாரும் மில்லியனில் கணக்குப் போடுவதில்லை. 12.5 லட்சம் என்று காட்டுங்கள்.

சாய்ந்து கிடக்கும் ஊர்ப்பெயர்கள்

போடிநாயக்கனூர் என்ற பெயர் நிற்கும் பாருக்குக் கீழே அடங்காது. பாரைப் படுக்க வையுங்கள்.

சிவப்பு, பச்சை

இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் நினைப்பதைவிட அதிகம். அம்புக்குறியும் சேருங்கள்.

வேகமானி போன்ற கேஜ்

எடுத்துவிடுங்கள்.

தேதி இல்லாத விலை

மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் நடக்கிறது. எந்த மையம், எந்தத் தேதி என்பதை விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள், திரையின் மூலையில் அல்ல.